முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற சொத்து

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் மூடப்பட்டதையொட்டிய நாள்களில், ஒரு லைன் வீட்டின் முன்னறையில், ஒரு கரும்பலகையும் இரண்டு பாய்களும் கொண்டு தொடங்கப்பெற்ற நம் கல்விக் கழகம் இன்று வெள்ளி விழாக் காண்கின்றது. இந்நன்னாளில் என்னைப் பேச அழைத்தமைக்கு நன்றி கூறுகின்றேன். "பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியரிடமும் நாம் கற்றவை" என்னும் தலைப்பைத் தந்தார்கள். ஆசிரியத் தொழிலில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவன் நான். பாடநூலைப் பற்றிப் பேசு என்றால் தயக்கமின்றிப் பேசுவேன். வீட்டைப் பற்றிப் பேசு என்கின்றபோது நா சற்றே தழுதழுக்கின்றது. எனினும், இவ்வயதில் கூறாமற்போனால் பின் எப்போது கூறுவது என்று எண்ணித் துணிந்து நிற்கின்றேன்.

"உங்கள் முன்னோர் உங்களுக்கு என்ன சேர்த்து வைத்தார்கள்?" என்று பிறர் நம்மைக் கேட்பதுண்டு. ஊரில் நிலம் வைத்திருந்தவன் பிள்ளைக்கு நிலம் வைத்தான். கடை வைத்திருந்தவன் கடை வைத்தான். நம் முன்னோரோ மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கிப் பொன் எடுத்தார்கள். தம் மனைவியர் காதில் ஒரு குன்றிமணிப் பொன்னும் பூட்ட இயலாமல் மறைந்தார்கள். ஆனால் அவர்கள் ஒன்றுமே வைத்துச் செல்லவில்லை என்று கூறுவதை நான் ஏற்க மாட்டேன். அவர்கள் வைத்துச் சென்ற சொத்துக்குப் பத்திரம் இல்லை. ஆதலின் அதனை எவரும் நம்மிடமிருந்து எழுதி வாங்கவும் முடியாது. அச்சொத்தில் எனக்கு வந்த பங்கினை உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலில் என் பாட்டனாரிடமிருந்து தொடங்குகின்றேன்.

எங்கள் குடும்பம் குடியாத்தம் வட்டத்திலிருந்து வந்தது. அங்கே என் பாட்டனாரின் தந்தைக்கு ஏறக்குறைய இரண்டு ஏக்கர் நிலம் இருந்ததாம். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் 1891-இல் நம் மக்களின் நிலையைக் குறித்து ஓர் அறிக்கை அளித்தார் என்பதையும், அதன் பயனாக 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வழங்க ஆணை பிறந்தது என்பதையும் படித்தவர்கள் அறிவீர்கள். பஞ்சமி நிலம் என்று இன்று நாம் கூறுவது அதனையே. பத்து ஆண்டுகளுக்கு அந்நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் நம் மக்களுக்கு அன்றிப் பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்பது அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. அவ்வகையில் கிடைத்ததே எங்கள் நிலம் என்று பாட்டனார் கூறுவார்.

ஓராண்டு மழை பொய்த்தது. வீட்டில் காய்ச்சல். ஒரு மூட்டைக் கேழ்வரகுக்காக ஒருவரிடம் சென்றார் என் கொள்ளுப் பாட்டனார். கேழ்வரகு தந்தவர் ஒரு தாளை நீட்டினார். "கடனுக்கு அடையாளம்" என்றார். கொள்ளுப் பாட்டனார் கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தார். அறுவடைக் காலத்தில் வரப்பில் வேறோர் ஆள் நின்றான். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பது எங்கள் குடும்பத்தில் இன்றுவரை எவருக்கும் தெரியாது. சட்டம் நம் பக்கம் இருந்தது. ஆயினும் அதனைப் படித்துக் காட்டச் சேரியில் ஓர் ஆள் இல்லை. சட்டம் இருப்பது ஒன்று. அதனைப் படிக்கத் தெரிந்திருப்பது மற்றொன்று என்னும் உண்மையை என் குடும்பம் இரண்டு ஏக்கர் நிலத்தை விலையாகக் கொடுத்துக் கற்றது.

அதன் பின்னரே பாட்டனார் இரயிலேறிப் பங்காருப்பேட்டை வந்து, அங்கிருந்து மாரிகுப்பம் வந்து, சுரங்கத்தில் சேர்ந்தார். அவர் எழுத்தறியாதவர். ஆனால் எழுத்தின் வலிமையை அவரளவு அறிந்தவரை நான் கண்டதில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ், பிற்காலத்தில் 'தமிழன்' என்னும் பெயரோடு இத்தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. வேலை முடிந்த இரவுகளில் லைன் முற்றத்தில் ஒரு விளக்கைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் அமர்வார்களாம். ஒருவர் படிப்பார்; மற்றவர்கள் கேட்பார்கள். பாட்டனார் தம் மகனை, அதாவது என் தந்தையாரை, படிப்பவரின் மடியருகே உட்கார வைப்பாராம். "அவரு வாயப் பாக்காதே, வெரலப் பாரு. வெரலு எங்க போவுதோ அங்கதான் எழுத்து இருக்குது" என்பாராம். என் தந்தையார் எழுத்துக் கற்றது அவ்வாறுதான்.

1930-இல் தங்கவயலில் பெரியதொரு வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து எழுந்தது அப்போராட்டம். ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்தனர். குற்றவாளிகளுக்குச் செய்வதை எங்களுக்குச் செய்வதா என்பது அவர்கள் கேள்வி. பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். அடுப்பெரியாத அந்நாள்களைப் பற்றி அவர் கூறும்போது நான் கேட்டேன்: "பசியா இருந்திச்சா தாத்தா?" அவர் சொன்னார்: "பசி பழகினதுதான் கண்ணு. எங்கப்பன் ஒரு தடவ வெரல வெச்சான், நெலம் போச்சு. நானும் வெச்சா என்ன போவுமோன்னு பயந்தேன்." அவருக்கு அரசியல் தெரியாது என்று எவரேனும் கூறினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்கு அவர் இட்ட கட்டளை ஒன்றே. படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதே. உன்னால் படிக்க முடியாத தாள் என்றால், படிக்கத் தெரிந்தவன் வரும்வரை காத்திரு. அன்பார்ந்த இளைஞர்களே! இன்று நம்மில் பெரும்பாலோர்க்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் கடன் பத்திரத்தையும், வேலை ஒப்பந்தத்தையும், கைப்பேசியில் வரும் நிபந்தனைகளையும் படிக்காமலே ஒப்புக்கொள்கின்றோம். கட்டை விரல் இன்னும் அதே விரல்தான்; மையின் நிறம் மட்டுமே மாறியிருக்கின்றது.

இரண்டாவதாக என் ஆயாவைப் பற்றிக் கூற வேண்டும்.

ஆயா உலையில் அரிசி இடும் ஒவ்வொரு வேளையும், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து மூலையிலிருந்த மண்பானையில் போடுவார். பிடியரிசி என்று அதற்குப் பெயர். பானை நிறைந்திருக்கும் வாரத்திலும் ஒரு பிடி; பானை வற்றியிருக்கும் வாரத்திலும் ஒரு பிடி. "இல்லாத நாள்ல எடுத்து வெக்கிறதுதான் சேமிப்பு. இருக்கிற நாள்ல வெக்கிறது மிச்சம்" என்பார். அவ்வரிசியை மாதத்துக்கொரு முறை விற்று, அக்காசில் என் சிலேட்டும் புத்தகமும் வந்தன. நம் கழகத்தின் முதல் நிதியும் இவ்வாறே திரண்டது என்பதை இங்கு அமர்ந்திருக்கும் தாய்மார்கள் அறிவார்கள். வீட்டுக்கொரு பிடி என்று தொடங்கி, பின்னர் வீட்டுக்கு ஒரு ரூபாய் என்று வளர்ந்து, அப்பணத்தில் அல்லவா நாம் முதல் மண்ணெண்ணெய் விளக்கும் முதல் அகராதியும் வாங்கினோம்!

ஆயாவின் இன்னொரு பாடம் தன்மானம். ஒரு திருவிழா நாளில், பெரிய வீடொன்றின் கொல்லைப்புறத்தில் மிஞ்சிய சோறு கொடுக்கின்றார்கள் என்று பிள்ளைகள் ஓடினோம். நானும் இலையில் வாங்கி வந்தேன். ஆயா என்னை அடிக்கவில்லை. அந்தச் சோற்றை வாங்கிக் கோழிக்குப் போட்டார். பின்னர்த் தம் பங்குக் களியை எனக்குத் தந்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்துக்கொண்டார். "முன்வாசல்ல கூப்பிட்டுப் போட்டா சாப்பிடு. பின்வாசல்ல குடுத்தா பசின்னாலும் வராதே" என்று மட்டும் கூறினார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆயாவின் வயிறு காலியாக இருந்தது என்பதை நான் அறிவேன் அல்லவா?

மூன்றாவதாக என் தந்தையார். நாங்கள் அவரை நைனா என்று அழைப்போம்.

சுரங்கத்தில் வேலைக்கு இறங்குகின்றவர்கள், பாறையின்கீழ் நிற்பதற்கு முன் கடப்பாரையால் மேற்கூரையைத் தட்டிப் பார்ப்பார்கள். ஓசை கணீரென்று வந்தால் பாறை உறுதியாக உள்ளது. பொத்தென்று வந்தால் உள்ளே பிளவு உள்ளது. தங்கவயலில் பாறை வெடிப்புகள் எத்தனை உயிர்களைக் குடித்தன என்பதை அறியாத குடும்பம் இவ்விடத்தில் இல்லை. நைனா வீட்டிலும் அதே வழக்கமுடையவர். எவர் எதைச் சொன்னாலும் உடனே நம்ப மாட்டார். உடனே மறுக்கவும் மாட்டார். "தட்டிப் பாத்தியா?" என்று கேட்பார். செய்தித்தாளில் வந்ததா, தலைவர் சொன்னாரா, சோதிடன் சொன்னானா, எதுவாயினும் அவருடைய வினா ஒன்றே. பகுத்தறிவு என்னும் சொல்லை நான் பின்னாளில் நூல்களில் படித்தேன். அதன் பொருளை அதற்கு முன்பே கடப்பாரை பிடித்த கையிடம் கற்றுவிட்டேன்.

இன்னொரு பாடம் டோக்கன். கீழே இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணிட்ட டோக்கன் உண்டு. மேலே வந்ததும் அதனைத் திருப்பித் தர வேண்டும். ஷிப்டு முடிந்தபின் எந்த டோக்கன் திரும்பவில்லையோ அந்த ஆள் இன்னும் கீழே இருக்கின்றான் என்று பொருள். நைனா தம் டோக்கனைக் கொடுத்துவிட்டு உடனே வீடு திரும்புபவர் அல்லர். தம்முடன் இறங்கியவர்கள் அனைவரும் கேஜிலிருந்து வெளிவரும் வரை ஷாப்டின் வாயிலிலேயே நிற்பார். "சோறு ஆறிப்போகுதே" என்று அம்மா கடிந்துகொள்வார். "சோறு ஆறினா சுட வெச்சிக்கலாம்" என்பதே அவர் விடை. மேலே வந்தவன் கீழே இருப்பவனை எண்ண வேண்டும். இதுவே என் தந்தையார் எனக்கு விட்டுச் சென்ற சொத்துக்களில் தலையாயது.

தோழர்களே! அவ்வளவு பெரிய மனிதருக்கு நான் செய்த கைம்மாறு என்ன என்பதையும் இவ்வவையில் மறைக்காமல் கூற விரும்புகின்றேன். உள்ளதைக் கூறாவிடில் இவ்வுரையால் பயனில்லை.

1965-இல் பள்ளியிறுதித் தேர்வில் வெற்றி பெற்று, வெளியூரில் ஆசிரியப் பயிற்சிக்குச் சென்றேன். விடுதியில் உடனிருந்தவர்களில் பலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். "உன் அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டார்கள். "சுரங்க ஆபீசில் கிளார்க்" என்று கூறிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு ஷிப்டு முடித்துவிட்டு, உறங்காமலே இரயிலேறி, காக்கிக் கால்சட்டையும் தலையில் முண்டாசுமாக நைனா விடுதி வாயிலில் வந்து நின்றார். கையில் கேழ்வரகு அடையும் கடலை உருண்டையும் கட்டிய துணி மூட்டை. நண்பன் ஒருவன் என்னைப் பார்த்து, "யார் இவர்?" என்று கேட்டான். நான், "எங்கள் ஊர்க்காரர்" என்றேன்.

நைனா கேட்டுவிட்டார். அவர் முகம் மாறவில்லை. "ஆமாம் தம்பி, ஊர்க்காரன்தான். இவங்க வீட்ல குடுத்தனுப்புனாங்க" என்று நண்பனிடம் கூறி, மூட்டையை என் கையில் தந்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிச் சென்றார். வீட்டில் அவர் எவரிடமும் இதனைக் கூறவில்லை. விடுமுறைக்கு நான் சென்றபோது எப்போதும்போலவே பேசினார். அது எனக்கு எந்த அடியைக் காட்டிலும் பெரிய அடியாக இருந்தது.

பல ஆண்டுகள் கழித்து, நான் ஆசிரியனான பின், அவர் காலைப் பற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின், "நீ என்னை மறைச்சதுல எனக்கு ஒண்ணும் கொறையல. உங்கிட்ட படிக்க வர்ற புள்ள தன் அப்பன மறைக்காத மாதிரி பாத்துக்கோ. அது போதும்" என்றார். அன்றுதொட்டு நான் ஓய்வு பெறும்வரை, ஒவ்வோராண்டும் வகுப்பின் முதல் நாளில் மாணவர்களிடம் அவர்களுடைய தந்தையின் தொழிலைக் கேட்டதில்லை. என் தந்தையின் தொழிலைக் கூறியே பாடத்தைத் தொடங்கினேன். "என் தந்தை சுரங்கத்தில் பாறை உடைத்தவர்" என்று கூறியதும், பின்வரிசையில் குனிந்திருந்த சில தலைகள் நிமிர்வதைக் கண்டிருக்கின்றேன்.

உலகம் போற்றும் நம் அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலும் இத்தகைய ஒரு தந்தையைக் காண்கின்றோம். சுபேதார் இராம்ஜி இராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அண்ணலுக்கு ஏறக்குறைய ஐந்து வயதானபோது தாயார் பீமாபாய் மறைந்தார். அத்தை மீராபாய் வளர்த்தார். பம்பாயில் பரேல் பகுதியில் ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழ்ந்த காலத்தில், மகன் முதலில் உறங்கட்டும் என்று தாம் விழித்திருந்து, நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு அவரை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டுப் பின்னரே தாம் படுத்தார் அத்தந்தை. மகன் கேட்ட நூலை வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற மகள்களின் நகையைக் கடனாகப் பெற்று அடகு வைத்தார். 1912-இல் மகன் பட்டம் பெற்றதைக் கண்டார். 1913 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டு மகன் அமெரிக்காவிற்குக் கப்பலேறியதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அண்ணல் 1954-இல் இத்தங்கவயலுக்கு வந்தபோது, ஆறு வயதுச் சிறுவனான என்னை நைனா தோள்மீது ஏற்றிக் கூட்டத்தில் நின்றார். அண்ணல் பேசியது எதுவும் எனக்கு நினைவில்லை. "நல்லாப் பாத்துக்கோ, அவங்கப்பாவும் ராத்திரி கண்ணு முழிச்சாரு" என்று நைனா கூறியது மட்டும் நினைவிருக்கின்றது.

அன்பர்களே! முன்னோரிடம் பெற்றவை அனைத்தையும் அவ்வாறே ஏற்க வேண்டும் என்று நான் கூற வரவில்லை. அவர்களே கற்பித்தபடி, அவர்கள் தந்ததையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

எனக்கு ஒரு தமக்கையார் உண்டு. என்னைவிடக் கணக்கில் வல்லவர். என் வாய்பாட்டை எனக்குச் சொல்லித் தந்தவர் அவரே. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அவரை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவர் நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த அதே ஆயாதான். "பொட்டப் புள்ளைக்கு இது போதும்" என்றார். தன்மானத்திற்காகப் பட்டினி கிடந்தவர், பேத்தியின் அறிவுக்கு அதே மானம் உண்டென்று எண்ணவில்லை. நைனாவும் தடுக்கவில்லை. அந்தப் பிடியரிசிக் காசு முழுவதும் எனக்கே வந்தது. நான் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றேன். என் அக்காள் பல வீடுகளில் பாத்திரம் துலக்கி முதுமையடைந்தார். என் ஓய்வூதியத்தில் பாதி அவருடையது என்று நான் கருதுகின்றேன். கருதுவதோடு நில்லாமல் மாதந்தோறும் கொடுத்தும் வருகின்றேன். ஆயினும் அவர் இழந்த பள்ளிக்கூடத்தை என்னால் திருப்பித் தர முடியுமா? முன்னோரின் அன்பைப் போற்றுவோம்; அவர்களுடைய தவற்றை நம் பேத்திகளின்மேல் ஏற்றாதிருப்போம். குடியும், மூடப்பழக்கமும், பெண் கல்வி வேண்டாமென்னும் எண்ணமும் முன்னோர் சொத்தாயினும், அவை தீர்த்துக் கட்ட வேண்டிய கடன்களே.

இறுதியாக இளைஞர்களுக்குச் சில சொற்கள்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூறாண்டுகளுக்கு மேல் ஒலித்த சங்கு நின்றது. அதன்பின் நம் பிள்ளைகள் விடியுமுன்னே இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றார்கள். இருட்டிய பின் வீடு திரும்புகின்றார்கள். அவர்களை நான் குறை கூறேன். உழைப்பு நம் குலத்தொழில். ஆனால் பத்தாம் வகுப்பைக்கூட முடிக்காமல் அந்த இரயிலில் ஏறும் சிறுவனைக் காணும்போது, திரும்பாத டோக்கன் ஒன்று பலகையில் தொங்குவதாகவே எனக்குத் தோன்றுகின்றது. அண்ணல் தம் இறுதியாண்டாகிய 1956-இல் ஆக்ரா நகரில் பேசியபோது, படித்து உயர்ந்தவர்கள் தம் மக்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று மனம் நொந்தார். அந்த நோவு இன்னும் தீரவில்லை.

ஆகவே இக்கழகத்தின் வழியே படித்து வேலைபெற்ற ஒவ்வொருவரையும் நான் இருகரம் கூப்பிக் கேட்டுக்கொள்வது இது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் லைனில் பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளைகளின் பெயர்களை எழுதுங்கள். எவர் நின்றுவிட்டார்களோ அவர்கள் வீட்டுக்குச் செல்லுங்கள். ஒரு முறையன்று, திரும்பி வரும்வரை செல்லுங்கள். பெண் பிள்ளையின் பெயரை முதலில் எழுதுங்கள். அதே நோட்டின் பின்பக்கத்தில், உங்கள் வீட்டு முதியவர்களிடம் கேட்டு, அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், எதை இழந்தார்கள், எதைக் காத்தார்கள் என்று எழுதி வையுங்கள். நம் வரலாற்றைப் பிறர் எழுதுவார்கள் என்று காத்திருந்தால், மற்றொரு முறை படிக்காத தாளில் ரேகை வைத்தவர்கள் ஆவோம்.

என் பாட்டனார் ஓர் எழுத்தும் அறியாமல் இறந்தார். என் தந்தையார் எழுத்துக் கூட்டிப் படித்தார். நான் பிறருக்குப் படிப்பித்தேன். என் அக்காளின் பேத்தி இன்று சட்டம் பயில்கின்றாள். குடியாத்தத்துச் சேரியில் என்றோ நீட்டப்பட்ட அந்தத் தாளைத் தேடிப் படிக்கப் போவதாக அவள் கூறுகின்றாள். தாள் கிடைக்குமோ கிடைக்காதோ, படிக்க ஓர் ஆள் எங்கள் வீட்டில் வந்துவிட்டாள்.

சோறு ஆறினால் சுட வைத்துக்கொள்ளலாம். கடைசி ஆள் மேலே வரும்வரை வாயிலில் நிற்போம். கழகம் வளர்க! கல்வி ஓங்குக!